2147483647 பகா எண்தானா? உங்கள் நிரல் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி இது: "ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க ஜாவாவில் நிரல் எழுதினேன். சின்ன எண்களுக்கெல்லாம் சரியாகச் சொல்கிறது. 2147483647ஐக் கொடுத்தால் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு 'பகா எண் அல்ல' என்கிறது. புத்தகத்தில் பகா எண் என்று போட்டிருக்கிறது. எது சரி? இந்த எண்ணுக்கு நிறைய சிறப்புப் பெயர்கள் இருப்பதாகவும் சொல்கிறார்களே, அவை என்ன?"

புத்தகம்தான் சரி. உங்கள் நிரலில் கணிதப் பிழையும் இல்லை. நீங்கள் சோதிக்கப் போன எண்ணே உங்கள் காலை வாரிவிட்டது. அது எப்படி என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த எண்ணின் குணம் முழுவதும் அந்தப் பிழைக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் எழுதியது எல்லாரும் எழுதும் வழக்கமான சுற்றுதான் என்று நினைக்கிறேன்: 2, 3, 4 என்று ஒவ்வொரு வகுத்தியாக எடுத்து, வகுத்தியின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டாத வரை சுற்று. 46340 வரை ஒரு சிக்கலும் இல்லை. 46340இன் வர்க்கம் 2147395600, எல்லைக்குள் இருக்கிறது. அடுத்தது 46341. அதன் வர்க்கம் 2147488281. இது 2147483647ஐவிடப் பெரியது, ஆகவே சுற்று இங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் ஜாவாவின் 'இன்ட்' பெட்டிக்குள் அடங்கும் மிகப் பெரிய எண்ணே 2147483647தான். அதற்கு மேல் போனால் 4294967296 கழிந்து எண் மறுபக்கம் போய்விடும். 2147488281 என்பது −2147479015 ஆகிவிடுகிறது. எதிர்மறை எண் சின்னதுதானே, சுற்று தொடர்கிறது. யோசித்துப் பாருங்கள், இன்ட்டில் இருக்கக்கூடிய எந்த எண்ணும் 2147483647ஐத் தாண்டாது. 'தாண்டாத வரை சுற்று' என்ற நிபந்தனை இந்த ஓர் எண்ணுக்கு ஒருபோதும் பொய்க்காது. வகுத்தி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 2147483647ஐயே எட்டுகிறது. ஒரு எண் தன்னைத்தானே மீதியில்லாமல் வகுக்கும். உடனே நிரல் "வகுத்தி கிடைத்துவிட்டது, பகா எண் அல்ல" என்று அறிவித்துவிடுகிறது.

வகுத்தியின் வர்க்கத்தைப் பார்ப்பதற்குப் பதில், எண்ணை வகுத்தியால் வகுத்து வரும் ஈவோடு வகுத்தியை ஒப்பிடுங்கள். அல்லது வகுத்தியை இன்ட்டைவிடப் பெரிய பெட்டியான 'லாங்' என்று அறிவியுங்கள். தீர்ந்தது.

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம். 2147483647 என்றால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்க்க ஒழுங்கில்லாத பத்து இலக்கங்கள். ஆனால் இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. அதாவது 2³¹ − 1. இதன் பட்டங்களில் முக்கால்வாசி இந்த ஒரே உண்மையிலிருந்து வருபவை. மீதியில் சில ஆழமானவை, சில வெறும் ஒட்டுச்சீட்டு.

முதல் பட்டம் மெர்சென் பகா எண். 2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு அந்தப் பெயர். மெர்சென் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பாதிரியார். இப்படி ஒரு எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். அடுக்கு 6 என்றால் 63 வரும், அது 3ஆலும் 7ஆலும் வகுபடும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. 11 பகா எண், 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்தத் 'போதாது' என்பதில் பலர் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியர் கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு முறையாக வகுத்துப் பார்த்து நிரூபித்தார். அதோடு நிற்காமல் 1603இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகியவையும் சரிவரும் என்று சொல்லிவிட்டார். 23, 37 இரண்டையும் 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா வகுத்தி கண்டு உடைத்தார். 29ஐ சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்தார். நான்கில் மிஞ்சியது 31 மட்டும். மெர்சென் 1644இல் தந்த பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலில் 67, 257 இரண்டும் தப்பு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. எனவே இவர்கள் சொன்னார்கள் என்பதற்காக 31ஐ நம்ப முடியாது. யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டாக வேண்டும்.

போட்டவர் ஆய்லர். 1772இல் பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் 2³¹ − 1 பகா எண் என்று தெரிவிக்கிறார். அப்போது அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது 65ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. அவர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வர்க்கமூலம் 46340ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதற்குள் இருக்கும் பகா எண்கள் சுமார் 4,800. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது ஒரு வழி. ஆய்லர் வேறு விதமாகக் கேட்டார்: இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருந்தாக வேண்டும்?

அந்த வகுத்தியை 'வ' என்போம். வ-வால் 2³¹ஐ வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் 31க்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் (வ − 1) அடுக்கையும் வ-வால் வகுத்தால் மீதி 1தான். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால் (வ − 1) என்பது 31இன் மடங்காக இருக்க வேண்டும். வ ஒற்றைப்படை, ஆகவே 62இன் மடங்கு. ஆக, வகுத்திகள் 63, 125, 187, 249 என்று 62, 62ஆகத்தான் தாவ முடியும்.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. 2³² என்பது 65536இன் வர்க்கம். அதாவது வ-வால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண்ணாகிவிடுகிறது. அப்படி ஆக வேண்டுமானால் வ-வை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையில் இதனால் பாதி விழுந்துவிடும். எஞ்சுபவை 248ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வருபவை மட்டும்.

46340க்குள் அப்படிப்பட்ட எண்களை எண்ணிப் பாருங்கள். முதல் வகையில் 186, இரண்டாம் வகையில் 63ஐ விட்டுவிட்டால் 186. மொத்தம் 372 வகுத்தல்கள். அதிலும் பகு எண்களை ஒதுக்கிவிட்டால் இன்னும் வெகுவாகக் குறையும். முதலில் வரும் 249 என்பது 3 × 83, தேவையில்லை. அடுத்தது 311, இது பகா எண். வகுத்துப் பார்த்தால் ஈவு 6905092, மீதி 35. போகட்டும். 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள். அடுத்து 1303: ஈவு 1648107, மீதி 226. இப்படியே 46340 வரை. ஒரு நோட்டும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

இந்த வடிகட்டி எவ்வளவு கூர்மையானது என்று பார்க்க 29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாவல் 58. வரிசை 59, 117, 175, 233. 59ஐயும் 117ஐயும் எட்டின் மீதி வெளியே தள்ளிவிடும். 175 பகு எண். முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியது 233. முதல் அடியிலேயே எண் விழுந்துவிடுகிறது: 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. கட்டால்டி இதைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

ஆய்லருக்குப் பின் பல பத்தாண்டுகள் மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். இன்று ஆய்லர் வழி கூட வேண்டாம். லூக்கா, லெமர் என்ற கணிதர்கள் தந்த சோதனை ஒன்று இருக்கிறது: 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் 0 வந்தால் பகா எண். சின்ன உதாரணம், 2⁵ − 1 = 31: 4, அடுத்து 14, அடுத்து 194ஐ 31ஆல் வகுத்த மீதி 8, அடுத்து 62, மீதி 0. மூன்றே படி. 2147483647க்கு 29 படி. 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கும் மேல் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 வரைக்கும் இந்தச் சோதனைதான் கைகொடுக்கிறது.

மெர்சென் பகா எண் என்றாலே கூடவே ஒட்டிக்கொண்டு வருவது நிறைவெண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்: 6 = 1 + 2 + 3. 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் 2305843008139952128 வரும், இது எட்டாவது நிறைவெண். 1811இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ தன் எண்கணித நூலில் இதைக் குறிப்பிட்டு, இதுவே கண்டுபிடிக்கப்படும் மிகப் பெரிய நிறைவெண்ணாக இருந்துவிடக்கூடும் என்றார். இவை வேடிக்கைக்குத்தான், பயன் ஒன்றும் இல்லை, அதனால் இதற்கு மேல் யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மனிதர்களைப் பற்றிய கணிப்பில் கோட்டைவிட்டுவிட்டார். 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், 1883இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 2⁶¹ − 1ஐ நிரூபித்தார், இரண்டுமே கைக்கணக்கு.

இப்போது பலர் கேட்கும் இன்னொரு கேள்வி. இன்ட்டின் உச்ச எண் பகா எண்ணாக அமைந்தது தற்செயலா? பாதி மட்டும். கணினியில் எண்களுக்கு ஒதுக்கும் பிட்டுகள், அதாவது இரும இலக்க இடங்கள், 8, 16, 32, 64 என்று 2இன் அடுக்குகளாகவே இருக்கும். ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 7, 15, 31, 63. ஆகவே உச்ச எண்களின் அடுக்குகளும் '2இன் அடுக்கில் 1 குறைவு' என்ற வடிவத்தில்தான் இருக்கும். 7 பகா எண், 2⁷ − 1 = 127ம் பகா எண். 15 பகு எண், ஆகவே 32767ம் பகு எண்தான்: 7 × 31 × 151. 31 பகா எண், நம்ம ஆளும் பகா எண். 63 பகு எண், ஆகவே லாங்கின் உச்சமான 9223372036854775807 பகு எண். 7ஆலேயே வகுபடும், அதுவும் இரண்டு தடவை. 128 பிட் எடுத்தால் 127 பகா எண், 2¹²⁷ − 1ம் பகா எண். ஒன்று விட்டு ஒன்று வருகிறது பாருங்கள். அடுக்கில் பகு எண் இருந்தால் விழுந்தாக வேண்டும் என்பது கட்டாயம். பகா எண் இருந்தால் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை, அதிர்ஷ்டம்தான். 13ஐ எடுத்தால் 2¹³ − 1 = 8191 பகா எண்ணாக இருந்தும், 2⁸¹⁹¹ − 1 பகா எண் அல்ல என்று 1953இல் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண்களுக்கு இரட்டை மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இதுவரை தெரிந்தவை நான்கே நான்கு: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. இந்த எண்ணின் பட்டங்களிலேயே அரிதானது எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இன்னும் ஒரு படி ஏறி 2147483647ஐ அடுக்காக வைத்தால்? 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட பூதம் வரும். அது பகு எண். 295257526626031 அதை வகுக்கும். ஆய்லரின் விதி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது: அந்த வகுத்தியில் 1ஐக் கழித்தால் 2147483647இன் இரட்டிப்பைப் போல் சரியாக 68745 மடங்கு.

பயன் இல்லை என்றாரே பார்லோ, அதற்கும் பதில் இருக்கிறது. கணினியில் சமவாய்ப்பு எண்கள் உண்டாக்க ஒரு பழைய முறை உண்டு. ஒரு எண்ணை 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். ஐபிஎம் 360 கணினிகளுக்காக 1969இல் முன்மொழியப்பட்டது. 1988இல் பார்க், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் குறைந்தபட்சத் தரமாக இதையாவது வையுங்கள் என்றார்கள். சி++ நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 16807 எங்கிருந்து வந்தது? அது 7⁵. 7ஐ அடுக்கிக்கொண்டே போய் மீதி எடுத்தால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு தடவை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். 7இன் ஐந்தாம் அடுக்கிலும் அந்தக் குணம் நிற்க வேண்டுமானால் 2147483646க்கும் 5க்கும் பொது வகுத்தி இருக்கக்கூடாது. அதன் காரணிகள் 2, 3, 3, 7, 11, 31, 151, 331. 5 இல்லை. மீதி காண்பதும் சுலபம். 9ஆல் மீதி காண இலக்கங்களைக் கூட்டுவோமே, அதேபோல் இங்கே பெருக்கற்பலனை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும், வகுத்தலே வேண்டாம். ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இந்த முறையைத் தொட்டுவிடாதீர்கள், ஒரு எண் தெரிந்தால் அடுத்ததெல்லாம் தெரிந்துவிடும்.

இது சேராத வகைகளையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பகா எண் இல்லை: 2 கூட்டினால் 3ஆல் வகுபடும், 2 கழித்தால் 5ஆல் வகுபடும். பக்கத்துப் பகா எண்கள் கீழே 2147483629, மேலே 2147483659. சோஃபி ஜெர்மேன் பகா எண்ணும் இல்லை. அதற்கு இரட்டித்து 1 கூட்டினால் பகா எண் வர வேண்டும், இங்கே வருவது 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. தோற்றதுதான், ஆனால் என்ன அழகாகத் தோற்றிருக்கிறது பாருங்கள்: 2ஐ அடுக்கி 1 கூட்டினால் வரும் ஃபெர்மா பகா எண்களில் இதுவரை அறியப்பட்ட ஐந்தும் ஒன்றுவிடாமல் அங்கே நிற்கின்றன. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது, மூன்றின் கூட்டலாகவும் முடியாது, ஏனென்றால் 8ஆல் வகுத்தால் மீதி 7. நான்கு வர்க்கங்கள் வேண்டும். நான்கு எப்போதும் போதும் என்று லக்ராஞ்சு நிரூபித்தது 1770இல், ஆய்லரின் கடிதத்துக்கு இரண்டே ஆண்டு முன்பு.

மற்றபடி எண் அகராதிகளில் இதற்கு இன்னும் பத்துப் பட்டங்கள் பார்க்கலாம்: இரும முறையில் முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் எண், ஒன்றுகள் ஒற்றைப்படையாக உள்ள எண், வகுத்திகளின் சராசரி முழு எண்ணாக வரும் எண். எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசிப் பட்டம் எல்லா ஒற்றைப்படைப் பகா எண்களுக்கும் கிடைக்கும். முதல் இரண்டும் '31 ஒன்றுகள்' என்று சொன்னபோதே சொல்லிமுடித்தவை.

எல்லையாக இது வெளியே தலைகாட்டிய இடங்களும் உண்டு. நான் முதன்முதலில் எல்லை என்பதைப் பார்த்தது கல்லூரி ஆய்வகத்தில், பழைய 16 பிட் கம்பைலரில். தொடர்பெருக்கம் (1 × 2 × 3 என்று பெருக்கிக்கொண்டே போவது) காணும் நிரல், 7க்கு 5040 என்று சரியாகச் சொன்னது, 8க்கு −25216 என்றது. அரை மணி நேரம் என் நிரலையே திட்டிக்கொண்டிருந்தேன். உச்சம் 32767 என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. 32 பிட்டில் அதே நிரல் 12 வரை தாங்கும். 13க்கு 1932053504 என்ற தப்பான விடை வரும், அது இன்னும் மோசம், ஏனென்றால் எதிர்மறையாக இல்லாததால் சந்தேகமே வராது. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலைப் பார்த்த தடவைகள் இந்த எண்ணை நெருங்கியபோது யூடியூப் தன் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது. அடுத்தது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளில், இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண் வந்து நிற்கும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

உங்கள் நிரலைத் திருத்திய பிறகு ஒரு வேலை செய்து பாருங்கள். அடுத்த மெர்சென் பகா எண்ணான 2⁶¹ − 1ஐக் கொடுங்கள். ஒவ்வொன்றாக வகுத்தால் 150 கோடி வரை போக வேண்டும். ஆய்லரின் வடிகட்டியைச் சேர்த்தால், அதாவது 122, 122ஆகத் தாவி, 8ஆல் மீதி 1 அல்லது 7 வருவதை மட்டும் வைத்துக்கொண்டால், சுமார் 62 லட்சம் வகுத்தலில் முடிந்துவிடும். சோதிக்கும் எண்ணையும் தாவுவதற்கு வைக்கும் மாறியையும் லாங் என்று எழுத மறக்காதீர்கள்.